விலங்குத் திசுவை வெச்சு யோனி ஆரோக்கியத்தையும் நச்சுப் பொருளையும் ஆராய்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்லாட்டர் ஹவுஸ்ல இருந்து ஐஸ் பாக்ஸ் வந்ததும் புதுசா லேப்ல சேர்ந்தவங்க நேரா கத்தரிக்கோலைத்தான் தேடுவாங்க, ஆனா முதல்ல பாக்க வேண்டியது யோனித் திசுவே இல்ல, அது கூட வந்திருக்கிற ஓவரியைத்தான். ஏன்னு கீழே சொல்றேன். இந்த வேலையில பாதிப் பேர் தப்பு பண்றது பரிசோதனை பண்ற இடத்துல இல்ல, அதுக்கு முன்னாடி எந்த விலங்கு, எந்தத் துண்டு, அது உயிரோட இருக்கா இல்லையான்னு முடிவு பண்ற இடத்துலதான். அதனால இந்த வழிகாட்டியில அந்தப் பகுதிக்குத்தான் நிறைய இடம் கொடுத்திருக்கேன், மெஷினை எப்படி ஆன் பண்றதுங்கிறதெல்லாம் மேனுவல்லயே இருக்கு.

முதல்ல கேள்வியை ஒரே வரியில எழுதுங்க

"டாம்பூன் (மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்ச யோனிக்குள்ள வெக்கிற பஞ்சு) பாதுகாப்பானதா"ங்கிறது திசு வெச்சு பதில் சொல்லக்கூடிய கேள்வி கிடையாது. "இந்தப் பொருள் யோனியோட மேல்தோலைத் தாண்டி அந்தப் பக்கம் போகுதா, போனா மணிக்கு எவ்வளவு" இது கேள்வி. "இந்த ஜெல் போட்டா செல் சாகுதா", "இந்த பாக்டீரியா திசு மேல வளருறப்போ நச்சு சுரக்குதா", இதெல்லாமும் கேள்விதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் செட்டப் வேற வேற. ஊடுருவல் மட்டும் பாக்கணும்னா ஃபிரான்ஸ் செல் (நடுவுல திசுவை வெச்சு மேலயும் கீழேயும் திரவம் ஊத்துற கண்ணாடிக் கருவி), செல் சாவும் அழற்சியும் பாக்கணும்னா டிரான்ஸ்வெல்ல (மீடியத்துல நிக்கிற, அடியில நுண்துளை போட்ட கிண்ணம்) வெச்ச உயிருள்ள துண்டு, உடம்பு முழுக்க என்ன ஆகுதுன்னு தெரியணும்னா திசு போதாது. மூணையும் ஒரே துண்டுல பாத்துடலாம்னு ஆசைப்படாதீங்க.

எந்த விலங்குன்னு நச்சுதான் முடிவு பண்ணணும்

பெரும்பாலானவங்க பன்றியையே எடுக்குறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. பன்றி யோனியோட மேல்தோல் மனுஷங்களோடது மாதிரியே பல அடுக்கு தட்டைச் செல்களால ஆனது, தடுப்புச் சுவரா வேலை செய்ற செராமைடு, கொலஸ்ட்ரால் மாதிரியான கொழுப்புகளோட அமைப்பும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது, ஊடுருவல் அளவும் பக்கத்துல வருது. அதுக்கு மேல, இறைச்சிக்காக எப்படியும் வெட்டப்படுற விலங்குல இருந்து தூக்கி எறியிற பகுதிதான் நமக்கு வேணும், இதுக்காகத் தனியா ஒரு உயிரைக் கொல்ல வேண்டியதில்ல. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959ல சொன்ன மூணு விஷயம், அதாவது விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை, அதுல முதல் ரெண்டும் இதுலயே பெருமளவு வந்துடுது. பல இடங்கள்ல இந்த மாதிரி மிச்சத் திசுவுக்கு விலங்குப் பரிசோதனை அனுமதி தேவைப்படாது, இருந்தாலும் உங்க நிறுவனத்தோட எதிக்ஸ் கமிட்டிகிட்ட ஒரு கடிதம் எழுதி வாங்கி வெச்சுக்கோங்க, பேப்பர் அனுப்புறப்போ கேப்பாங்க.

எலி, சுண்டெலின்னா விஷயம் வேற. அதுங்களுக்கு 4, 5 நாள் சுழற்சி, அந்தக் குட்டி சுழற்சிக்குள்ளயே மேல்தோல் கெட்டியாகி கெரட்டின் அடுக்கு வந்து மறுபடியும் மெல்லிசாயிடும். அதனாலதான் சுண்டெலியில கேண்டிடாங்கிற பூஞ்சையை வளர்க்கணும்னா ஈஸ்ட்ரோஜன் ஊசி, ஹெர்பிஸ் வைரஸைப் பாக்கணும்னா தோலை மெல்லிசாக்க ப்ரொஜெஸ்டின் ஊசின்னு போடுறாங்க. அதாவது எந்த நோய் வேணுமோ அதுக்கேத்த மாதிரி யோனியையே மாத்திட்டுதான் ஆரம்பிக்கிறாங்க, இதை மறந்துட்டு முடிவைப் படிச்சா ஏமாந்துடுவோம்.

முயல் இன்னொரு கதை. எரிச்சல் பரிசோதனைக்கு ரொம்ப காலமா முயல்தான். 10 நாள் தொடர்ந்து பொருளை உள்ளே போட்டு, அப்புறம் திசுவை மைக்ராஸ்கோப்ல பாத்து புண், வீக்கம், வெள்ளணு ஊடுருவல், ரத்தக் குழாய் தேக்கம் இந்த நாலுக்கும் 0 முதல் 4 வரை மார்க் போடுவாங்க, மொத்தம் 16. 8 வரைக்கும் பரவாயில்ல, 9, 10 எல்லைக்கோடு, 11ம் அதுக்கு மேலயும் வேண்டாம். ஆனா முயலோட யோனியில மேல் பகுதி முழுக்க ஒரே வரிசை தூண் மாதிரி செல்கள்தான், மனுஷங்க மாதிரி பல அடுக்கு கிடையாது. அதனால அது சீக்கிரம் எரியும். எரிச்சல் இல்லன்னு முயல் சொன்னா தைரியமா நம்பலாம், இருக்குன்னு சொன்னா கொஞ்சம் யோசிக்கணும்.

சரி, இப்போ தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வரேன். ஒவ்வொரு நச்சும் ஒரு சாவி மாதிரி, அதுக்கான பூட்டு அந்த விலங்குல இருக்கணும். பாக்டீரியல் வஜினோசிஸ்ல (யோனியோட பாக்டீரியா சமநிலை குலையிற நிலை) அடிக்கடி அடிபடுற கார்ட்னரெல்லா பாக்டீரியா, வஜினோலைசின்னு ஒரு புரதம் சுரக்குது, அது செல்லுல ஓட்டை போடும். ஆனா அது ஒட்டிக்கிறது மனுஷ செல்லுல இருக்கிற சிடி59ங்கிற புரதத்துல. பன்றித் துண்டுல இந்த நச்சை ஊத்திட்டு "ஒண்ணுமே ஆகல, பாதுகாப்பானது"ன்னு எழுதினா அதைவிடக் காமெடி கிடையாது, பூட்டே இல்லாத கதவுல சாவியைத் தேச்சுட்டு கதவு பலமா இருக்குன்னு சொல்ற மாதிரி. அதே மாதிரி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சுரக்குற டிஎஸ்எஸ்டி-1 நச்சு. சாதாரண சுண்டெலி இதுக்கு லேசுல அசையாது, முயல் அசையும். சுண்டெலிக்கு மனுஷ எம்ஹெச்சி (நோய் எதிர்ப்பு செல்களுக்கு அந்நியப் பொருளைக் காட்டுற புரதம்) மரபணுவைப் புகுத்தினாத்தான் ஓரளவு உருப்படியா வேலை செய்யும்.

அந்த டிஎஸ்எஸ்டி-1 பத்தி நாலு வரி சொல்லியே ஆகணும், ஏன்னா இந்தத் துறையில திசு மாடல் இவ்வளவு வளர்ந்ததுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அது உண்டாக்குற உயிருக்கே ஆபத்தான நோயை, டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்னு பேர் வெச்சு, 1978ல அமெரிக்காவுல 7 குழந்தைகள்கிட்ட முதல்ல விவரிச்சாங்க. 1980ல மாதவிடாய் சமயத்துல டாம்பூன் போடுற பெண்கள்கிட்ட திடீர்னு கூடுச்சு, ரிலைங்கிற அதிக உறிஞ்சும் டாம்பூனை அந்த வருஷம் செப்டம்பர்ல மார்க்கெட்ல இருந்து எடுத்தாங்க. அடுத்த வருஷமே நச்சைக் கண்டுபிடிச்சாங்க. கிட்டத்தட்ட 22 கிலோடால்டன் எடையுள்ள புரதம், சூப்பர் ஆன்டிஜென் வகை, டி செல்களை (ஒரு வகை நோய் எதிர்ப்பு வெள்ளணு) கூட்டமா கிளப்பி விட்டுடும். இதுல எல்லாரையும் குடைஞ்ச கேள்வி, இவ்வளவு பெரிய புரதம் கிழியாத யோனித் தோலை எப்படித் தாண்டிப் போகுதுங்கிறதுதான். அதை உயிருள்ள பெண்கள்கிட்ட சோதிக்க முடியாது இல்லையா. பன்றித் துண்டை வெச்சுதான் ஓரளவு பதில் கிடைச்சுது: அதே பாக்டீரியா சுரக்குற ஆல்ஃபா டாக்சின் மாதிரி ஓட்டை போடுற நச்சு கூட இருந்தா தோல் அழற்சியாகி, தடுப்பு தளர்ந்து, டிஎஸ்எஸ்டி-1 அதிகமா உள்ளே போகுது.

திசுவை வாங்குறது

இதுல அவசரப்படாதீங்க. இறைச்சிக்கூடத்துல பன்றியை வெட்டினதும் முடி நீக்குறதுக்காக கிட்டத்தட்ட 60 டிகிரி சுடுதண்ணித் தொட்டியில போடுற வழக்கம் பல இடத்துல இருக்கு. அந்தத் தண்ணி உள்ளே போன திசு பாக்க நல்லாவே இருக்கும், செல் எல்லாம் வெந்து போயிருக்கும். அங்க இருக்குறவங்ககிட்ட பேசி, சுடுதண்ணிக்கு முன்னாடி எடுக்க முடியுமா, இல்லேன்னா தோலை உரிக்கிற முறையில வெட்டுற கூடம் கிடைக்குமான்னு விசாரிங்க. நான் முதல் ரெண்டு மாசம் இது தெரியாம வெந்த திசுவுல வேலை பாத்துட்டு, பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கும் (கண்டிப்பா சேதம் பண்ற பொருள்) நெகட்டிவ் கன்ட்ரோலுக்கும் (சேதம் பண்ணாத பொருள்) வித்தியாசமே வரலையேன்னு தலையைப் பிச்சுக்கிட்டேன், கடைசியில அங்க வேலை பாக்குற ஒரு அண்ணன்தான் "அதெல்லாம் தொட்டியில முக்கி எடுத்தது தம்பி"ன்னு சாதாரணமா சொன்னார்.

கருப்பை, கருப்பைக் கழுத்து, யோனி, வெஸ்டிபியூல் (யோனிக்கு வெளிப்பக்கப் பகுதி), ஓவரி எல்லாம் ஒட்டினபடியே ஒரே துண்டா கேட்டு வாங்குங்க. ஓவரி எதுக்குன்னா, இறைச்சிக்கு வர்ற பன்றி பெரும்பாலும் 6 மாச வயசு, பருவத்துக்கு வந்தும் இருக்கலாம் வராமலும் இருக்கலாம். பருவத்துக்கு வந்த பன்றிக்கு 21 நாள் சுழற்சி, எஸ்ட்ரஸ் (சினைப் பருவ) நேரத்துல மேல்தோல் தடிக்கும். ஓவரியில சின்னச் சின்ன நுண்ணறைகள் மட்டும் இருந்தா இன்னும் வயசுக்கு வரலைன்னு எடுத்துக்கலாம், சிவப்பா புடைச்ச கார்பஸ் லூட்டியம் இருந்தா கருமுட்டை வெளிவந்த விலங்கு. ஒரு போட்டோ எடுத்து நம்பர் போட்டு வெச்சுடுங்க. பின்னாடி ஒரு விலங்கு மட்டும் ஏன் மூணு மடங்கு தள்ளி நிக்குதுன்னு தேடுறப்போ அந்த போட்டோதான் கைகொடுக்கும்.

ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த குளிர்ந்த ஆர்பிஎம்ஐ மீடியத்துல (செல் வளர்க்கிற ஊட்டக் கரைசல்) போட்டு, ஐஸ் மேல வெச்சு கொண்டு வாங்க. ஐஸ் நேரடியா திசுவைத் தொடக்கூடாது. வெட்டினதுல இருந்து 3 மணி நேரத்துக்குள்ள லேப்ல வேலை ஆரம்பிச்சுடணும்னு நான் கணக்கு வெச்சிருக்கேன், வெட்டின நேரத்தை பாக்ஸ் மேலேயே மார்க்கர்ல எழுதச் சொல்லுங்க. உறைய வெச்ச திசு வேலைக்கு ஆகுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க: வெறும் ஊடுருவல் பாக்கணும்னா, உங்க பொருளுக்கு ஃப்ரெஷ் திசுவோட ஒப்பிட்டு ஒத்துப்போச்சுன்னா ஆகும், செல் சாவு, சைட்டோகைன் (அழற்சிக்கான சிக்னல் புரதம்), பாக்டீரியா இதெல்லாம்னா ஆகவே ஆகாது, உறைஞ்சு உருகினா செல் செத்துடும்.

வெட்டுறது

பன்றியில சிறுநீர்த் துவாரம் உள்ளே, தரைப் பக்கத்துல திறக்கும். அந்தத் துவாரத்துக்கு வெளிப்பக்கம் இருக்குறது வெஸ்டிபியூல், உள்பக்கம் கழுத்து வரைக்கும் இருக்குறதுதான் யோனி. புதுசா வர்றவங்க வெளியில இருந்து அளந்து முதல் கொஞ்சம் சென்டிமீட்டரை வெட்டிடுவாங்க, அது வெஸ்டிபியூல், வேற தோல். நீளவாக்குல திறந்து முதல்ல அந்தத் துவாரத்தைக் கண்டுபிடிங்க, மழுங்கின புரோபை மெதுவா விட்டா உள்ளே இறங்கும். இன்னொரு முனையில பன்றியோட கருப்பைக் கழுத்து திருகு மாதிரி முண்டு முண்டா ஒண்ணுக்கொண்ணு கோத்திருக்கும், கையில தடவினாலே தெரியும், அந்த முண்டு ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாடி நிறுத்திக்கோங்க.

மடிப்புகள் இல்லாத தட்டையான இடமா பாத்து, கீழே இருக்கிற கொழுப்பையும் தசையையும் கத்தரிக்கோலால சீவி எடுங்க. மேல் பக்கத்தை இடுக்கியால கிள்ளவே கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்கணும், கிள்ளின இடம் கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்ல மேல்தோல் உரிஞ்சிருக்கும். டிரான்ஸ்வெல்லுக்கு 5 மில்லிமீட்டர் பயாப்ஸி பஞ்ச் போதும். ஃபிரான்ஸ் செல்லுக்கு துவாரத்தைவிட தாராளமா பெரிய துண்டு வேணும், தடிமனை காலிப்பர்ல அளந்து எழுதுங்க, ஒரே செட்ல ஒரு துண்டு 1 மில்லிமீட்டரும் இன்னொண்ணு 2 மில்லிமீட்டரும் இருந்தா அப்புறம் எந்த எண்ணையும் ஒப்பிட முடியாது.

பாக்டீரியா வெச்சு பண்றீங்கன்னா ஒரு எச்சரிக்கை. கொண்டு வந்த மீடியத்துல ஆன்டிபயாட்டிக் இருந்துச்சு இல்லையா, அது திசுவுக்குள்ள ஊறிப் போய் நிக்கும். ஆன்டிபயாட்டிக் இல்லாத மீடியத்துல குறைஞ்சது மூணு தடவை அலசி, கடைசி அலசல் தண்ணில ஒரு சொட்டை பாக்டீரியா பூசின பிளேட்ல வெச்சு ராத்திரி விட்டுப் பாருங்க, சுத்தி வெறுமையா வட்டம் விழுந்தா இன்னும் மருந்து இருக்குன்னு அர்த்தம். ஒரு தடவை எங்க ஜெல் பாக்டீரியாவை அப்படியே துடைச்சுப் போட்டுச்சுன்னு நாங்க ஸ்வீட் எல்லாம் குடுத்துக் கொண்டாடியாச்சு, மறுநாள் பாத்தா ஜெல் போடாத கன்ட்ரோல்லயும் பாக்டீரியா இல்ல.

செட்டப் ஒண்ணு: டிரான்ஸ்வெல்

6 குழி பிளேட்டோட அடியில சீரம் கலந்த மீடியம், அதுல 0.4 மைக்ரோமீட்டர் துளை போட்ட இன்ஸர்ட், அது மேல துண்டு, மியூக்கோசா மேல் பக்கம் பாத்தபடி. மீடியம் துண்டோட அடியை மட்டும் நனைக்கணும், மேல ஏறி முழுகக் கூடாது. 37 டிகிரி, 5ல இருந்து 7 சதவீத கார்பன் டை ஆக்சைடு. பாக்டீரியான்னா 10 லட்சம் எண்ணிக்கை வர்ற மாதிரி 2 மைக்ரோலிட்டர் சொட்டு, துண்டோட நடுவுல, ஓரத்துல வழியாம. ஓரத்துல வழிஞ்சா வெட்டின பக்கத்துல இறங்கி நேரா அடி மீடியத்துக்குப் போயிடும், நீங்க "தோலைத் தாண்டிருச்சு"ன்னு எழுதுவீங்க. ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிறதால இது பயோசேஃப்டி லெவல் 2 வேலை, கேபினட்டுக்கு வெளியே வேண்டாம்.

இங்க யோசிக்க வேண்டியது ஆக்சிஜன். மனுஷ யோனிக்குள்ள சாதாரணமா ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, டாம்பூன் உள்ளே போறப்போ கூடவே காத்தும் போகுது, டிஎஸ்எஸ்டி-1 சுரக்க ஆக்சிஜனும் நடுநிலைக்குப் பக்கத்துல இருக்கிற பிஹெச்சும் தேவை. இன்குபேட்டர்ல திறந்து வெச்ச துண்டுக்கு ஆக்சிஜன் தாராளம், அதாவது நீங்க தெரிஞ்சோ தெரியாமலோ டாம்பூன் போட்ட நிலைமையைத்தான் மாடல் பண்றீங்க. சாதாரண நாளைப் பத்தி சொல்லணும்னா ஆக்சிஜன் குறைச்ச சேம்பர் வேணும்.

செட்டப் ரெண்டு: ஃபிரான்ஸ் செல்

மேல டோனர் (பொருளை ஊத்துற அறை), கீழே ரிசெப்டர் (தாண்டி வர்றதைப் பிடிக்கிற அறை), நடுவுல திசு இறுக்கமா. தோலுக்கு 32 டிகிரி வெப்பாங்க, யோனிக்கு 37. ரிசெப்டர்ல குமிழி இருந்தா அந்த இடத்துல ஊடுருவலே நடக்காது, செல்லைச் சாய்ச்சு தட்டி வெளியேத்துங்க. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் எடுத்துட்டு அதே அளவு புது பஃபர் ஊத்தணும், எடுத்த மாதிரியில போன அளவையும் சேர்த்துக் கூட்டணும், இதை மறந்தா கோடு கீழே சாஞ்சுடும். ரிசெப்டர்ல சேர்ற அளவு அந்தப் பொருள் கரையக்கூடிய அளவுல பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கணக்கு எப்படின்னு சும்மா ஒரு எண்ணை வெச்சுப் பாப்போம். பரப்பு 0.64 சதுர சென்டிமீட்டர், டோனர்ல மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். 4வது மணியில மொத்தம் 1.20 மைக்ரோகிராம் தாண்டியிருக்கு, 8வது மணியில 3.76. நடுவுல கோடு நேரா போகுது. 4 மணி நேரத்துல 2.56, மணிக்கு 0.64, அதைப் பரப்பால வகுத்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 1 மைக்ரோகிராம், இது ஃப்ளக்ஸ். டோனர் செறிவால வகுத்தா மணிக்கு 0.01 சென்டிமீட்டர், இது ஊடுருவல் கெழு. வேற லேபோட ஒப்பிட இந்தக் கடைசி எண்தான் உதவும். ஆரம்பத்துல இருக்கிற வளைஞ்ச பகுதியையும் சேர்த்து சாய்வு போடாதீங்க, எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்பு.

திசு மேல எதை ஊத்துறது

யோனித் திரவத்துக்குப் பதிலா 1999ல ஓவனும் காட்ஸும் சொன்ன கலவையைத்தான் இன்னிக்கும் நிறைய பேர் பயன்படுத்துறாங்க. ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 3.51 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1.40, கால்சியம் ஹைட்ராக்சைடு 0.222, ஆல்புமின் 0.018, லாக்டிக் ஆசிட் 2, அசிட்டிக் ஆசிட் 1, கிளிசரால் 0.16, யூரியா 0.4, குளுக்கோஸ் 5, பிஹெச் 4.2. மனுஷ யோனியில லாக்டோபேசில்லஸ் ஆதிக்கத்தால பிஹெச் 3.8ல இருந்து 4.5 வரைக்கும் இருக்கும், மத்த பாலூட்டிகள்கிட்ட அந்த பாக்டீரியா பெரும்பாலும் ரொம்பக் கொஞ்சம், பிஹெச் நடுநிலைக்குப் பக்கத்துல. ஆக அமிலத்தை நாமதான் கொண்டு வரணும், விலங்கு கொண்டு வராது. ஆனா மாதவிடாய் நிலைமையைப் பாக்கணும்னா இந்த 4.2 தப்பு, அப்போ பிஹெச் நடுநிலையை நோக்கி ஏறிடும்.

ஜெல், லூப்ரிகன்ட் மாதிரி பொருள்னா பிஹெச்சோட கூட ஆஸ்மோலாலிட்டியையும் (கரைஞ்சிருக்கிற துகள்களோட செறிவு) அளந்துட்டு ஆரம்பிங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2012 அறிவுரையில 1200க்கு மேல போகாம பாத்துக்கோங்க, 380க்குள்ள இருந்தா நல்லதுன்னு இருக்கு, அலகு கிலோவுக்கு மில்லி ஆஸ்மோல். அதிகமா இருக்கிற ஜெல் செல்லுல இருந்து தண்ணியை உறிஞ்சி மேல் அடுக்குகளை உரிச்சுடும், நீங்க மூலப்பொருள்ல ஏதோ நச்சு இருக்குன்னு தேடிட்டு இருப்பீங்க.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு நானாக்சினால்-9 நல்ல தேர்வு, அதோட கதையும் தெரிஞ்சிருக்கணும். விந்தணுக் கொல்லியா இருந்தது, லேப்ல ஹெச்ஐவியையும் கொன்னுச்சு, அதனால தடுப்பு ஜெல்லா பெண்கள்கிட்ட சோதிச்சாங்க, 2000த்துல முடிவு வந்தப்போ அடிக்கடி போட்டவங்களுக்கு தொற்று கூடியிருந்துச்சு, ஏன்னா அது யோனித் தோலையே சேதப்படுத்துது. தட்டுல வளர்ந்த செல்லும் குழாயில இருந்த வைரஸும் சொல்லாத ஒண்ணு அது, தோல் ஒரு சுவர்ங்கிறது. நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் ஜெல்.

உலோகம்னா தனி கவனம்

2024ல டாம்பூன்ல ஈயம் உட்பட பல உலோகம் இருக்குன்னு ஒரு ஆய்வு வந்து எல்லா இடத்துலயும் பேசப்பட்டுச்சு. 30 டாம்பூன், 16 உலோகம், ஈயம் எல்லாத்துலயும். ஆனா அது டாம்பூனுக்குள்ள எவ்வளவு இருக்குன்னு அளந்தது, உடம்புக்குள்ள எவ்வளவு போகுதுன்னு இல்ல, அதுதான் நம்ம செட்டப்புக்கு ஏத்த கேள்வி. பண்றவங்க ஒண்ணு கவனிங்க, ரிசெப்டர்ல வழக்கமா ஊத்துற பாஸ்பேட் பஃபர் ஈயத்தோட சேர்ந்தா லெட் பாஸ்பேட்டா வீழ்படிஞ்சுடும். திசுவைத் தாண்டி வந்த ஈயம் கண்ணாடி அடியில உக்காந்திருக்கும், நீங்க "தாண்டவே இல்ல"ன்னு எழுதுவீங்க. ஹெப்பிஸ் (பாஸ்பேட் இல்லாத பஃபர்) போட்ட உப்புக் கரைசல் எடுத்துக்கோங்க. கண்ணாடியை ஆசிட்ல ஊற வெச்சு கழுவணும், எஃகு இடுக்கிக்குப் பதிலா பிளாஸ்டிக். இரும்பும் துத்தநாகமும் திசுவுலயே இயல்பா நிறைய இருக்குறதால அதை அளக்குறது தலைவலி, வெறும் திசுவை மட்டும் வெச்ச ஃபிரான்ஸ் செல் இல்லாம அந்த எண்ணை வெளியே சொல்லாதீங்க.

உயிர் இருக்கா, சுவர் இருக்கா

ஒவ்வொரு ரன்லயும் ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். சுவருக்கு லூசிஃபர் யெல்லோ மாதிரி சாதாரணமா தாண்டாத சாயம், இல்லேன்னா மின்தடை. உயிருக்கு எம்டிடிங்கிற மஞ்சள் சாயம், உயிருள்ள செல் இதை ஊதாவா மாத்தும். ஆனா சில பொருள் தானாவே எம்டிடியை ஊதாவாக்கும், அப்போ செத்த திசுகூட ஆரோக்கியமா தெரியும். அதனால திசு இல்லாம பொருளையும் எம்டிடியையும் மட்டும் ஒரு குழியில கலந்து பாருங்க, ஊதாவானா வேணும்னே உறைய வெச்சு சாகடிச்ச திசுவை ஒரு கன்ட்ரோலா வெச்சு அதைக் கழிக்கணும். கூடவே மீடியத்துல எல்டிஹெச் (செல் உடைஞ்சா கசியிற நொதி), அழற்சிக்கு ஐஎல்-8 (ஒரு சைட்டோகைன்). எலைசா கிட் (புரதத்தை அளக்குறது) வாங்குறப்போ பன்றிக்குன்னு பாத்து வாங்குங்க, மனுஷ கிட் பன்றிப் புரதத்தைப் பிடிக்கும்னு நம்பி பணத்தை விட்டவங்க நிறைய.

எம்டிடி எவ்வளவு நல்லா வந்தாலும் ஹிஸ்டாலஜி (திசுவை மெல்லிசா வெட்டி மைக்ராஸ்கோப்ல பாக்குறது) இல்லாம முடிவு எழுதாதீங்க. ஒரு துண்டோட நடுவுல வெட்டி எச் அண்ட் இ சாயத்துல பாத்தா மேல் அடுக்கு கழண்டிருக்கா, செல்லுக்கு நடுவுல இடைவெளி விழுந்திருக்கான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். எத்தனை மணி நேரம் தாங்குங்கிறதை உங்க லேப்லயே 0, 6, 24, 48 மணின்னு வெறும் துண்டை வெச்சுப் பாத்துடுங்க. நான் கன்ட்ரோல் திசு ஆரம்ப அளவுல 80 சதவீதத்துக்குக் கீழே போனா அந்த ரன்னையே தூக்கிப் போட்டுடுவேன்.

நச்சுப் புரதம் தாண்டுச்சான்னு பாக்குறப்போ எலைசா எண்ணோட நிறுத்தாதீங்க. தாண்டினது உடைஞ்ச துண்டா, வேலை செய்ற நச்சான்னு எலைசாவுக்குத் தெரியாது. அடி மீடியத்தை மனுஷ ரத்த வெள்ளணு மேல போட்டுப் பாருங்க, டிஎஸ்எஸ்டி-1 உருப்படியா இருந்தா டி செல் பெருகும்.

எண்ணிக்கை

ஒரே பன்றியில இருந்து 12 பஞ்ச் எடுத்தா எண்ணிக்கை 12 இல்ல, 1. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருத்தர் 12ன்னு போட்டு பி வேல்யூ எடுத்துட்டு வருவாங்க. பஞ்ச் எல்லாத்தையும் சராசரியாக்கி ஒரு விலங்குக்கு ஒரு எண் வெச்சுக்கோங்க, இல்லேன்னா விலங்கை ரேண்டம் எஃபெக்டா வெச்ச (விலங்குக்கு விலங்கு வர்ற வேறுபாட்டைத் தனியா கணக்குல எடுக்குற) மாடல் போடுங்க. ஒவ்வொரு விலங்குலயும் கன்ட்ரோல், பாசிட்டிவ், சோதனைப் பொருள் மூணும் இருக்குற மாதிரி துண்டுகளைப் பிரிச்சா விலங்குக்கு விலங்கு இருக்கிற வேறுபாடு தானா அடிபட்டுப் போகும்.

இதுக்கு மேல

துண்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, புதுசா வெள்ளணு வந்து சேராது, ஹார்மோன் மாறாது. நிஜத்துல மேல்தோலைத் தாண்டினது ரத்தத்துல அடிச்சுட்டுப் போயிடும், வாய் வழியா வர்றது மாதிரி முதல்ல கல்லீரலுக்குப் போகாது, அதனாலதான் யோனி வழியா வர்ற கொஞ்ச அளவையும் சாதாரணமா எடுத்துக்க முடியாது. பன்றித் துண்டுல ஏதாவது தெரிஞ்சா அடுத்து அறுவை சிகிச்சையில எடுத்த மனுஷத் திசு, அது கிடைக்கலைன்னா மனுஷ செல்லுல வளர்த்த பல அடுக்கு எபிவெஜைனல் மாதிரி மாடல். வஜினோலைசின் மாதிரி மனுஷ பூட்டு கேக்குற நச்சுன்னா பன்றியைத் தாண்டி நேரா அங்கேயே போயிடுங்க, ஒரு மாசம் மிச்சமாகும்.

ரிப்போர்ட்ல விலங்கோட எண்ணிக்கை, ஓவரி நிலை, வெட்டினதுல இருந்து எத்தனை மணி, திசு தடிமன், கன்ட்ரோலோட உயிர் சதவீதம், தூக்கிப் போட்ட ரன் எத்தனை, இதையெல்லாம் முதல் டேபிள்லயே போட்டுடுங்க. மிச்சத் துண்டை ஆட்டோகிளேவ் பண்ணாம குப்பையில போடாதீங்க, ஃபிரான்ஸ் செல்லை அன்னிக்கே கழுவுங்க, மறுநாள் காஞ்ச புரதத்தைச் சுரண்டுறது கொடுமை.